பால் படிந்த கல்யாண ஃபிலிம்

குளியலறைக் கதவு திறந்தது. என் கணவர் வாசலில் நின்றார். கையில் தண்ணீர் சொட்டும் ஃபிலிம் சுருள்.

இங்கே வா என்று கண்ணாலேயே கூப்பிட்டார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் அதே பார்வைதான், வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாலும் அதே பார்வைதான். கையிலிருந்த அப்பளத் தட்டை மேசையில் வைத்தேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

கதவைச் சாத்தினார். ஃபிலிமை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே வெள்ளை. அரிசி களைந்த தண்ணீரில் முக்கி எடுத்த ரிப்பன் மாதிரி இருந்தது. வெள்ளைக்குப் பின்னால் ஏதோ நிழல்கள் தெரிந்தனவே தவிர, மாப்பிள்ளை யார், பெண் யார், வாழைமரம் எது என்று சொல்ல முடியவில்லை.

கூடத்தில் உட்கார்ந்திருந்தது அந்த மாப்பிள்ளையும் பெண்ணும்தான். புதுமணத் தம்பதிகளை விருந்துக்கு அழைத்திருந்தோம். அவர்கள் கல்யாணத்தை எடுத்த ஒரே சுருள், இவர் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

வீடு தேடி வந்த நாற்றம்

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் குடியிருப்பின் தண்ணீர் லாரிச் சண்டையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் பற்றி எழுதுகிறாயே, என் டார்க் ரூமைப் பற்றி ஒரு வரி உண்டா என்று இவர் குறைப்பட்டுக்கொண்டார். கேட்டு வாங்கிக்கொள்கிறார். இனி என்னைச் சொல்லிக் குற்றமில்லை.

பெருங்களத்தூரில் நாங்கள் இந்த ஃபிளாட்டை வாங்கும்போது இரண்டு குளியலறை இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை இவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரைதான் நீடித்தது. மற்ற வீட்டு ஆண்கள் ஓய்வு பெற்றால் நடைப்பயிற்சி போவார்கள், மாடியில் கத்தரிச் செடி வைப்பார்கள். இவர் எங்கிருந்தோ, ஃபிலிமைப் பெரிதாக்கிப் படம் போடுகிற ஒரு பழைய என்லார்ஜரைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டாவது குளியலறையின் ஜன்னலில் கறுப்பு அட்டையை ஒட்டினார். சிவப்பு பல்பு மாட்டினார். அன்றைக்குப் போனது அந்தக் குளியலறை.

எனக்கு எரிச்சல் வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. நான் தாம்பரத்தில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருக்கிறேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறது. என் இளமைக் காலத்தில் அப்படியா? இருட்டறையில் நின்று ஃபிலிம் கழுவ வேண்டும். டெவலப்பர் ஒரு தொட்டி, தண்ணீர் ஒரு தொட்டி, ஃபிக்சர் ஒரு தொட்டி. புடவையெல்லாம் வினிகர் வாசம் அடிக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்துவாள். ஒரு வழியாக அந்த நாற்றம் தொலைந்தது என்று நிம்மதியாக இருந்தேன். வேலையில் விட்டு வந்த நாற்றம் முகவரி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது.

செத்தும் நடிக்கிற தண்ணீர்

ஃபிக்சர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக இரண்டு வரி. டெவலப்பரில் போட்டால் ஃபிலிமில் படம் வரும். படம் வராத இடங்களில் வெள்ளி உப்பு மிச்சம் இருக்கும். அதைக் கரைத்து எடுத்து ஃபிலிமைக் கண்ணாடி மாதிரி ஆக்குவதுதான் ஃபிக்சரின் வேலை. பழைய ஆட்கள் ஹைப்போ என்பார்கள். கரைத்துக் கரைத்து ஒரு நாள் அதற்குத் தெம்பு போய்விடும். போனது வெளியே தெரியாது, அதுதான் சங்கடம்.

பால் திரிந்தால் தெரியும். மாவு புளித்தால் தெரியும். ஃபிக்சர் மட்டும் செத்த பிறகும் அதே நிறம், அதே வாசம். உயிரோடு இருப்பது போலவே பாட்டிலில் உட்கார்ந்து நடிக்கும்.

எக்ஸ்ரே நாட்களில் எங்களிடம் ஒருவர் பழைய ஃபிக்சரை வாங்க வருவார். அதிலிருந்து வெள்ளியைப் பிரித்து எடுப்பாராம். வந்ததும் ஒரு செம்புக் கம்பியைத் தொட்டிக்குள் விடுவார். கம்பியில் சட்டென்று வெள்ளி ஏறினால் அவர் முகம் மலர்ந்துவிடும். ஏறினால் தொட்டியில் வெள்ளி நிறைய இருக்கிறது, ஃபிக்சர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நானோ அன்று காலையில் கழுவிய ஃபிலிம்களைத் தேடி ஓடுவேன். அவருக்குத் தீபாவளி என்றால் எனக்கு அமாவாசை. ஆனால் நல்ல மனிதர். வரும்போதெல்லாம் வேர்க்கடலை வாங்கி வருவார்.

வீட்டில் இவர் வேறொரு வழி வைத்திருந்தார். ஃபிலிம் சுருளின் முனையில் நாக்கு மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். படம் விழாத துண்டு. அதை வெட்டி, மேலே ஒரு சொட்டு ஃபிக்சரை வைப்பார். கொஞ்சம் பொறுத்து முழுத் துண்டையும் ஃபிக்சரில் போடுவார். முதலில் சொட்டு விழுந்த இடம் மட்டும் வட்டமாகத் தெளிந்து தெரியும். சுற்றியிருப்பதும் தெளிந்து, அந்த வட்டம் எங்கே இருந்தது என்றே தெரியாமல் போக வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ அதைப் போல இரண்டு பங்கு நேரம் ஃபிலிமை ஊறவிட வேண்டும். வட்டம் மறைய, புது ஃபிக்சரில் ஆனதைப் போல இரு மடங்கு நேரம் பிடித்தால் ஃபிக்சருக்கு ஆயுள் முடிந்தது. பார்க்க அழகாக இருக்கும். நானே நின்று பார்த்திருக்கிறேன். இவரிடம் சொன்னதில்லை, தலைகால் புரியாமல் ஆடுவார்.

நல்ல முறைதான். ஆனால் இவர் வளர்ந்த வீட்டில் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். கறிவேப்பிலைக் காம்பைக்கூட காய வைப்பார்கள். அதனால் சோதித்தது போக மிச்சமான நாக்குத் துண்டுகளை எல்லாம் ஓர் ஊறுகாய் ஜாடியில் சேர்த்து வைத்தார். ஃபிக்சர் குறைந்தால் கொட்ட மனம் வராது, புதிதைக் கொஞ்சம் ஊற்றி நிரப்பிக்கொள்வார். பழைய மாவோடு புது மாவைக் கலக்கிற மாதிரி. அது மாவுக்குச் சரி. ஃபிக்சருக்குச் சரியா என்று கேட்டேன். எக்ஸ்ரேக்காரிக்கு ஃபோட்டோகிராஃபி புரியாது என்று பதில் வந்தது.

செல்வி போட்ட சட்டம்

இப்போது செல்வியைச் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் இருப்பவள். சொந்த ஊர் கோவளம். மீன் பிடிக்கிற குடும்பம். அப்பா அம்மா இல்லை, அண்ணன் ஏழுமலையும் அண்ணியும் மட்டும்தான். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவள், திடீரென்று ஒரு நாள் மதியம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே, அக்கா நான் தேவராஜைக் கட்டிக்கப் போறேன் என்றாள். எனக்குப் புரையேறிவிட்டது. தேவராஜ் படப்பைக்காரர், எலக்ட்ரீஷியன், முதல் மனைவி தவறிப் போய்விட்டார். எங்கள் சென்டரில் ஏசி வேலைக்கு வரும்போதெல்லாம் தேவைக்கு அதிகமாக நேரம் எடுத்துக்கொண்ட காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது.

செல்வி செய்த ஒரே பிசகு, என்னிடம் சொன்னாள், சென்டரில் எல்லோரிடமும் சொன்னாள், அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று பயந்து தள்ளிப்போட்டாள். அதற்குள் கோவளத்தில் மீன் ஏலம் போகிற இடத்தில் யாரோ ஒருவர் ஏழுமலையைப் பார்த்து, தங்கச்சிக்குக் கல்யாணமாமே என்று கேட்டுவிட்டார். வேறு வினை வேண்டுமா? மாப்பிள்ளை வேறு மதம் என்பதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியில் எனக்கா என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கசப்பில் செல்வியும் ஒரு சட்டம் போட்டாள். கல்யாணத்தில் ஒருவரும் செல்ஃபோனில் படம் எடுக்கக் கூடாது. எடுத்தால் குரூப்பில் போடுவார்கள், போட்டால் ஆளாளுக்கு ஒரு கருத்துச் சொல்வார்கள், அண்ணன் எங்கே என்று கேட்பார்கள். படம் எடுப்பது சார் மட்டும், அதுவும் ஃபிலிமில் மட்டும். சார் என்றால் என் வீட்டுக்காரர். மனிதருக்குத் தலையில் கிரீடம் வைத்த மாதிரி ஆகிவிட்டது. கல்யாணத்துக்கென்றே புது ரக ஃபிலிம் ஒன்றைத் தருவித்தார்.

பதிவு முடிந்து படப்பையில் ஒரு சின்ன மண்டபத்தில் மாலை மாற்றினார்கள். பிரியாணி வாசம் தெருமுனை வரை வந்தது. எல்லோரும் பூ இதழைத் தூவிக்கொண்டிருந்த நேரத்தில், கடற்கரையிலிருந்து நேராக வந்த கோலத்தில் ஏழுமலை வந்தாராம். சட்டையில் உப்பு பூத்திருக்க, கையில் முழு வஞ்சிரம் மீன். சமையல்காரரிடம் மீனைக் கொடுத்தார். செல்வி திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டார்.

இங்கேதான் வழக்கு. மீனைக் கொடுத்துவிட்டு அப்படியே போய்விட்டார் என்றார் சமையல்காரர். இல்லை, கொஞ்ச நேரம் கூட்டத்தில் நின்றார், நான் ஒரு படம் எடுத்தேன் என்றார் இவர். இவர் வார்த்தையை நம்பலாமா? கூட்டத்தில் என்னையே வேறு யாரோ என்று நினைத்து வணக்கம் சொன்ன மனிதர். போதாததற்கு ஏழுமலை கோவளம் முழுக்க, மீன் கொடுக்கத்தான் போனேன், கல்யாணத்துக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

விருந்துக்கு வந்த அன்று செல்வி என்னிடம் சமையலறையில் சொன்னாள்.

"அண்ணன் நின்னிருந்தா இன்னிக்கே இவரக் கூட்டிக்கிட்டுக் கோவளம் போறேன்க்கா. மீன் குடுக்க மட்டும் வந்திருந்தா, இனிமே அந்த ஊருக்கே போக மாட்டேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது. அந்தப் பக்கம் குளியலறையில் இவர் டேப் ரெக்கார்டர் காலத்துப் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டு ஃபிலிமைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஜாடி செய்த வேலை

இனி அந்த வெள்ளைச் சுருளுக்கு வரலாம்.

குளியலறை ஸ்டூலில் இவர் இடிந்துபோய் உட்கார்ந்தார். எல்லாம் போச்சு என்றார். நான் திட்டவில்லை. திட்டுவதற்கு வாழ்நாள் முழுக்க நேரம் இருக்கிறது. ஃபிக்சரைச் சோதித்தீர்களா என்று மட்டும் கேட்டேன். சோதித்தாராம். நாக்கு கொஞ்சம் மெதுவாகத் தெளிந்ததாம், ஆனால் தெளிந்ததாம்.

எந்த நாக்கு என்று கேட்டேன். ஜாடியைக் காட்டினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஜாடியில் கிடந்ததெல்லாம் அவர் வழக்கமாக வாங்கும் பழைய ரக ஃபிலிமின் நாக்குகள். கல்யாண ஃபிலிம் புது ரகம், அதற்கு ஃபிக்சர் தெம்பாக இருக்க வேண்டும், நேரமும் அதிகம் வேண்டும். புது ஃபிலிமின் நாக்கை வெட்டிப் போட்டிருந்தால் அது அப்போதே காட்டிக் கொடுத்திருக்கும். அந்தப் புது நாக்கு எங்கே என்று கேட்டேன். ஜாடிக்குள் பத்திரமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நம் பிள்ளையின் சட்டை அளவைக் கொடுத்துத் தைத்த கதை.

ஆனால் நான் பயப்படவில்லை. எக்ஸ்ரேயில் இப்படி எத்தனை பார்த்திருக்கிறேன். வெள்ளையாக இருப்பது மிச்சமிருக்கிற உப்புதான், படம் அடியில் பத்திரமாக இருக்கிறது. புது ஃபிக்சரில் போட்டால் தெளிந்துவிடும். வெளிச்சத்தில் நாள் கணக்கில் வைத்தால்தான் கறுத்துப் போகும். ஃபிலிமைத் திரும்ப அதைக் கழுவுகிற இருட்டு டப்பாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடச் சொன்னேன். புது ஃபிக்சரை எடுங்கள் என்றேன்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியாக இருந்ததைக் காலையில்தான் பழைய பாட்டிலில் ஊற்றி நிரப்பியிருந்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை. இந்த மருந்து விற்கிற கடை பட்டணத்துக்குள், அதுவும் மூடியிருக்கும். வேறு வழியில்லாமல் கூடத்துக்கு வந்து உண்மையைச் சொன்னோம். செல்வி பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தேவராஜ்தான், எங்க கெடைக்கும் சொல்லுங்க, போய்ட்டு வர்றேன் என்று எழுந்தார்.

வண்ண மீன் கடையில் கிடைக்கும் என்று எனக்கு நினைவு வந்தது. தொட்டித் தண்ணீரில் குளோரினைப் போக்க இதே ஹைப்போவைத்தான் போடுவார்கள். இவரும் தேவராஜும் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். போன வேகத்தில் திரும்பினார்கள். விரல் நீள பாட்டிலில் நீலச் சாயம் போட்ட தண்ணீர்தான் இருந்ததாம். உப்பாக இல்லையாம்.

உப்பு என்றதும் செல்வி நிமிர்ந்தாள். அது எப்படி இருக்கும் என்று கேட்டாள். கல்கண்டு மாதிரி இருக்கும், குளோரினை எடுக்கும் என்றேன்.

"இறால் குஞ்சு பொரிக்கிற பண்ணைல மூட்டை மூட்டையா கெடக்குமே, அதுவாக்கா?"

அதேதான். கோவளத்தைத் தாண்டி இருக்கிற பண்ணைகளில் கடல் தண்ணீரைச் சுத்தம் செய்யக் குளோரின் போட்டு, பிறகு அதைப் போக்க இந்த உப்பைப் போடுவார்கள். பிரமாதம், யாரைக் கேட்கலாம் என்றேன். செல்வி தேவராஜைப் பார்த்தாள். கடலுக்குப் போகாத நாட்களில் அந்தப் பண்ணையில் மூட்டை இறக்குகிறவர் ஏழுமலைதான்.

ஒரு ஃபோன்

சிக்கலைப் பாருங்கள். படத்தைப் பார்த்தால்தான் அண்ணனிடம் பேசுவாள். அண்ணனிடம் பேசினால்தான் படம் தெரியும். நான் கூப்பிடட்டுமா என்று தேவராஜ் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். இரண்டு முறை பெயர் வரை வந்து அணைத்தாள். மூன்றாவது முறை காதில் வைத்தாள்.

ஸ்பீக்கர் போடாமலே ஏழுமலையின் குரல் கூடம் வரை கேட்டது. கடல் இரைச்சலில் பேசிப் பழகியவர். அலோ என்றார். செல்வி கல்யாணம் என்று சொல்லவில்லை, படம் என்று சொல்லவில்லை. பண்ணைல குளோரினுக்குப் போடுவீங்களே அந்த உப்பு, பெருங்களத்தூர்ல அக்கா வூட்டுக்கு வேணும் என்று மட்டும் சொன்னாள்.

"எவ்ளோ வேணும்?" என்றார் ஏழுமலை.

எதற்கு என்று கேட்கவில்லை.

வண்டலூர் ரோட்டு வழியாக வெயிலில் பைக் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். லிஃப்ட் கதவு திறந்தபோது தோளில் ஒரு முழு மூட்டை. எனக்கு வேண்டியது ஒரு டம்ளர் அளவுதான். வாட்ச்மேன் சிமென்ட் என்று நினைத்துத் தடுத்தாராம், அவரிடமும் ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார்.

"இன்னாத்துக்கு இவ்ளோ?" என்று செல்வி கேட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனிடம் நேரில் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"வேணும்னு சொன்ன. கொண்டாந்தேன்."

மூட்டையை இறக்கிவிட்டு, சம்ப் எங்கே கீது என்று என்னைக் கேட்டார். கீழ்த் தொட்டியின் குடிதண்ணீரில் குளோரின் அதிகமாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். கல்யாண ஃபோட்டோவைக் கழுவ என்றதும் மனிதர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வலையைக் காயப் போட்டுவிட்டு வந்தேன், கெளம்பறேன் என்றார். வாசல் பக்கம் நகரவும் செய்தார். சாப்பிடாமல் என் வீட்டை விட்டு யாரும் போனதில்லை என்று நான் குறுக்கே நின்றேன். அதில் கொஞ்சம் பொய் உண்டு. ஆனால் இலை போட்டால் உட்கார வேண்டியதுதானே. உட்கார்ந்தார். தேவராஜே பரிமாறினார். மச்சான், இன்னும் கொஞ்சம் சோறு என்றார். ஏழுமலை வேண்டாம் என்று சொல்லவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை.

தெளிந்தது

வெந்நீரில்தான் உப்பைப் போட்டேன். கரையக் கரையப் பாத்திரம் சில்லென்று ஆகிவிட்டது. ஹைப்போ கரையும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குளிர்ச்சி கையில் பட்டதும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ வருடமாகிவிட்டது அதைத் தொட்டு. இவருடைய பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். இந்தத் தடவை கல்யாண ஃபிலிமின் நாக்கை ஜாடியிலிருந்து தேடி எடுத்து, சொட்டு வைத்துப் போட்டேன். வட்டம் மெல்லத்தான் மறைந்தது, ஆனால் சுத்தமாக மறைந்தது. பிறகு சுருளைப் போட்டோம். இவர் டப்பாவைக் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். பாட்டு மட்டும் வரவில்லை.

ஊறியதும் மூடியைத் திறந்து சுருளைத் தூக்கினார். வெள்ளை போன இடம் தெரியவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்கள். இவர் கண்ணில் தண்ணீர். நான் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். போன உயிர் திரும்பி வந்தது எனக்கும்தான், நான் காட்டிக்கொள்ளவில்லை.

எல்லோரும் குளியலறை வாசலில் முட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும் அல்லவா? பூ தூவுகிற படத்தில், கூட்டத்துக்குப் பின்னால் எல்லோருக்கும் மேலே ஓர் உருவம் தெரிந்தது. உயரமாக இருந்தது, யாரென்று தெரியவில்லை. அது அண்ணனா என்று செல்வி கேட்டாள். ஏழுமலை எட்டிப் பார்த்தார்.

"நான் எங்க இவ்ளோ கலரு," என்றார்.

தேவராஜ் சிரித்துவிட்டார். செல்வி சிரிக்கவில்லை. பிரிண்ட் போட்டுப் பார்த்துவிடலாம் என்றாள்.

ஃபிலிம் காய்ந்ததும் அந்தச் சின்னக் குளியலறைக்குள் ஐந்து பேர் நுழைந்தோம். சிவப்பு வெளிச்சம். ஏழுமலை மேலிருந்து மீன் வாசம், ட்ரேயிலிருந்து மருந்து வாசம். என் மூக்குக்கு அன்று இரண்டும் ஒன்றும் செய்யவில்லை. இவர் காகிதத்தை டெவலப்பரில் நழுவவிட்டார். முதலில் மாலை வந்தது. பிறகு தேவராஜின் மீசை, செல்வியின் குனிந்த தலை. கடைசியாகப் பின்னால் இருந்த உருவம்.

ஏழுமலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் பூ. வாய் கோணிக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதுகொண்டே தூவிக்கொண்டிருந்தார்.

இவர் படத்தைத் தண்ணீரில் அலசி ஃபிக்சருக்கு மாற்றினார்.

"நாற்காலி மேலயா ஏறின?" என்று செல்வி கேட்டாள். குரல் உடைந்துவிட்டது.

"முன்னால ஒரே தலையா கீது. உன்ன தெர்ல. ஏறிட்டேன்," என்றார் ஏழுமலை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனுக்கு மொதல்ல சொல்லியிருந்தா நானே முன்னால நின்னு தூவியிருப்பேனே செல்வி."

செல்வி அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். தேவராஜ் என்ன செய்வதென்று தெரியாமல் இருவர் முதுகையும் மாறி மாறித் தட்டினார். நான் எதற்கு அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. நல்ல அழுகை, சாப்பாட்டுக்கு மேல் வெற்றிலை போட்ட மாதிரி திருப்தியாக இருந்தது.

விளக்கைப் போட்டதும் ஏழுமலை ட்ரேயில் கிடந்த தன்னைக் குனிந்து வெகு நேரம் பார்த்தார். மீன் கொடுக்கத்தான் போனேன் என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர். இந்தப் படத்தை யாருக்கும் காட்டாதே என்று இவரிடம் கேட்டுக்கொள்வார் என்றுதான் நான் நினைத்தேன்.

"சார், இத்தப் பெருசா போட்டுக் குடு," என்றார். "வூட்டுக்குள்ள நுழையிறவன் மொதல்ல இத்தான் பாக்கணும்."

அதற்குள் செல்வி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வெயில் இருக்கும்போதே கோவளம் போய்ச் சேர வேண்டும், அண்ணி சோறு வடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும், இரண்டு பேருக்குச் சேர்த்து உலை வைக்கச் சொல்லு என்று அண்ணனை அதட்டிக்கொண்டிருந்தாள்.